இன்னொரு வாட்டி

போனை வைப்பதற்கு முன் என் அண்ணி "வெச்சிடட்டுமா?" என்று கேட்பார். "வெச்சிடுங்க அண்ணி" என்பேன். "வெச்சிடட்டுமா தம்பி?" என்று மறுபடியும் கேட்பார். அதற்கும் பதில் சொன்னால்தான் பேச்சு முடியும். பொறுமையில்லாமல் நானே துண்டித்துவிட்டால் அடுத்த நிமிடம் போன் அடிக்கும். "லைன் கட்டாயிடுச்சா, இல்ல நீ கட் பண்ணியா?"

அண்ணனும் அண்ணியும் மரக்காணத்தை விட்டுப் போய் ஐந்து வருடம் ஆகிறது. மெட்ராஸ் தாண்டி ஏதோ ஒரு கம்பெனி கேண்டீனில் இரண்டு பேருக்கும் வேலை. வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிகம். அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் வெட்கம் வரும். அந்த வெட்கத்துக்குக் காரணம் அண்ணி இல்லை, நான்.

அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனதிலிருந்து ஆரம்பிக்கிறேன். "பொண்ணு எதனா கேக்கணும்னா கேக்கலாம்" என்று என் அப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை எந்தப் பெண்ணும் உபயோகிக்க மாட்டாள் என்ற தைரியம் அவருக்கு. அண்ணி நிமிர்ந்து பார்த்து, "குடிப்பீங்களா?" என்றார். "சேச்சே, இல்ல" என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்து, பஜ்ஜி தின்று, காபி குடித்துக் கிளம்பும் நேரத்தில் அண்ணி கதவருகே வந்து நின்றார். "நிஜமாவே குடிக்க மாட்டீங்களா?" அண்ணனுக்கு என்ன ஆனதோ, "எப்பவாச்சும்... தீபாவளி, பொங்கலுக்கு" என்று உளறிக் கொட்டிவிட்டான். சம்பந்தம் அவ்வளவுதான் என்று அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்தாள். அண்ணி, "இப்பதான் சரியா சொல்றாரு. எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் தடவை கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், இரண்டாம் தடவை கேட்டால்தான் உள்ளதைச் சொல்வார்கள் என்பது அண்ணியின் கணக்கு. அது எரிச்சலான கணக்குதான். காய்கறிக்காரன், கேஸ் சிலிண்டர் போடுகிறவன், கோயில் பூசாரி, யாரும் தப்பியதில்லை. "பூஜை ஆறு மணிக்குத்தானே? ஆறு மணிக்குத்தானேங்க?" தெருவில் அவருக்கு 'ரெண்டுவாட்டி' என்று பட்டப்பெயரே இருந்தது. "ரெண்டுவாட்டி வருது, பதிலை ரெடியா வெச்சிக்கோ" என்பார்கள். அண்ணி காதில் விழாமல் இருந்திருக்காது.

ஒரு முறை பாண்டி பஸ் ஸ்டாண்டில் மரக்காணம் போர்டு மாட்டிய பஸ்ஸில் நானும் அவரும் ஏறினோம். பக்கத்து சீட்டு ஆளிடம் "மரக்காணம் போவுமா?" என்று கேட்டார். "போவும்" என்றார் அந்த ஆள். உட்கார்ந்துவிட்டு, டிரைவர் ஏறியதும் எழுந்து போய் அவரிடமும் கேட்டார். எனக்கு மானம் போனது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "இது கடலூர் போற வண்டிம்மா. போர்டு இன்னும் மாத்தல" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். ஒருவரும் அண்ணிக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. அவரால்தான் பஸ் கடலூருக்குப் போகிறது என்பதுபோல முறைத்துக்கொண்டே இறங்கினார்கள்.

அண்ணிக்கு அப்போது உப்பளத்தில் வேலை. உப்பு வாரும் பெண்களோடு அவரும் ஒருவர். ஆனால் பாத்தியில் தண்ணீர் எத்தனை டிகிரிக்கு முற்றியிருக்கிறது என்று பார்க்கும் கண்ணாடிக் குழாயை மேஸ்திரி அண்ணியிடம்தான் கொடுப்பார். லேசாகத் தூறல் விழுந்த மறுநாள் நல்ல தண்ணீர் மேலாக நிற்கும், உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். மற்றவர்கள் மேலாக மொண்டு பார்த்து ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அண்ணி முழங்கை வரை விட்டுக் கலக்கி, மறுபடி மொண்டு பார்ப்பார். நான் என் குட்டியானை வண்டியில் உப்பு மூட்டை ஏற்றப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். "மேலோட்டமா பாத்தா பொய் சொல்லும் தம்பி. கலக்கிட்டுக் கேட்டாத்தான் உண்மை வரும்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அண்ணிக்கு ஒரு குழந்தை பிறந்தது. நிறைமாதத்தில், உயிரில்லாமல். பெரிய குழந்தை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "எவ்ளோ கொழுகொழுன்னு இருக்குது" என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகுதான் அழுதார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வரும் சர்க்கரை அண்ணிக்கு இருந்திருக்கிறது, அது யாருக்கும் தெரியவில்லை. நாலாம் மாதம் பார்த்தபோது இல்லை. அதோடு அம்மா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டார். குழந்தை போன பிறகுதான் டாக்டர் விளக்கிச் சொன்னார். அதனால்தான் அண்ணி இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று தெருவில் பரிதாபப்படுவார்கள். அது தப்பு. பெண் பார்த்த அன்றே அவர் அப்படித்தான். அண்ணியே ஒரு நாள், உப்பு வாரும் பலகையைக் கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எல்லாத்தையும் ரெண்டு வாட்டி கேட்டேன். அத மட்டும் ஒரு வாட்டியோட வுட்டுட்டேன்." அதற்குப் பிறகு அவருக்குக் குழந்தை தங்கவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி மலருக்கு முதல் பிள்ளை. ஆவணிக் கடைசி, ஆறு மாதம் முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். குளுக்கோஸ் கலந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். "வாந்தி வந்தா உடனே சொல்லணும்மா. சொல்லலைன்னா டெஸ்ட் தப்பாயிடும்" என்று நர்சம்மா தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார். மலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்காது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடிப் போய் மொத்தத்தையும் கொட்டிவிட்டாள்.

"மறுபடியும் குடின்னா என்னால முடியாதுங்க" என்று அழுதாள். எனக்குப் பதினோரு மணிக்கு லோடு இருந்தது. சொன்னால் நாளைக்கு வரச் சொல்வார்கள், நாளைக்கும் லோடு. நான் பாட்டில் தண்ணீரால் அவள் முகத்தைக் கழுவிவிட்டு, "வாய தொடச்சிக்க. யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். இவ்வளவுதான் நடந்தது. ரத்தம் எடுத்தார்கள். நூற்றுப் பதினெட்டு. நார்மல் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். "எட்டாம் மாசம் இன்னொரு வாட்டி வந்து குடிக்கணும்" என்றார் நர்சம்மா. நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் அண்ணி வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அட்டையை வாங்கிப் படித்தார். "தம்பி, குடிச்ச தண்ணி உள்ள தங்குச்சா?"

"தங்குச்சு அண்ணி."

"வாந்தி கீந்தி வரலியே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி. ஜம்முனு குடிச்சா."

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்விட்டார். இரண்டாம் தடவை கேட்டால் உள்ளது வந்துவிடும் என்ற அண்ணியின் கணக்கைத் தாண்டிப் போனவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் உப்பளம் மூடிவிடும், அண்ணி வீட்டில் இருப்பார். வீட்டில் இருந்தால் கண்ணும் வாயும் சும்மா இருக்காது. மலர் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போனாள். எட்டாம் மாதத்திலேயே வயிறு நிறைமாத வயிறாக இருந்தது. எல்லோருக்கும் பூரிப்பு. பெரிய முதலியார்சாவடியிலிருந்து என் மாமியார் வாரா வாரம் அதிரசமும் ரவா லட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். "பையன்தான், பாரேன் வளர்ச்சிய" என்றாள் என் அம்மா. அண்ணி மட்டும் எங்கள் குளியலறைப் பக்கம் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்ததை ஒரு காலையில் பார்த்தேன்.

"இன்னா அண்ணி தேடுறீங்க?"

"எறும்பு" என்றார். "ஒண்ணுக்குல சர்க்கரை இருந்தா மொய்க்கும். இருக்குது. ஆனா மழைக்கும் வரும். அத வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. எட்டாம் மாச டெஸ்ட்டுக்குப் போனீங்களா?"

"மழை வுடட்டும் அண்ணி."

"மழை வுட்டா போவியா?"

"போவேன்."

மழை விட்டது, நான் போகவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இரண்டாம் தடவை பார்த்து எண் கூடுதலாக வந்தால் முதல் தடவை என்ன நடந்தது என்று கேட்பார்கள். மலரிடமும் கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன். மலரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ராத்திரி அவள் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும்போதெல்லாம் நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

ஐப்பசி கடைசியில் வளைகாப்பு. அது முடிந்ததும் மலரை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், பிரசவம் வரை அங்கேதான். வளைகாப்புக்கு முதல் நாள் அண்ணி மழையில் நனைந்துகொண்டு பஸ் ஏறி எங்கேயோ போய்விட்டு வந்தார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

குழந்தை தங்காத பெண் பிள்ளைத்தாய்ச்சிக்கு வளையல் போட்டுவிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பெண்ணே புரிந்துகொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட வேண்டும். அண்ணி விடியற்காலையே போய்ப் புளிசாதம் கிளற ஆரம்பித்துவிட்டார். கூடத்தில் மலருக்குச் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, வந்தவர்கள் எல்லோரும் வாயில் இனிப்பு ஊட்டினார்கள். அண்ணி அடுப்பங்கரைக் கதவிடுக்கில் நின்று பார்த்தார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். "ஒம்போது வாய் ஊட்டிட்டாங்க" என்றார் தண்ணீர்க் கேனோடு உள்ளே வந்த என்னிடம்.

மலர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். அண்ணி கதவைச் சாத்தினார். இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையை எடுத்தார். சர்க்கரை பார்க்கும் மிஷின். கூனிமேட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் ஒருவருக்குச் சர்க்கரை உண்டு. அவரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். "மூணு பட்டைதான் இருக்குதும்மா, பாத்து செய். இன்ஷா அல்லா ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

"இன்னாக்கா இது, இப்பப் போய்?" என்றாள் மலர்.

"கைய குடு மலரு. ஒரு நிமிசம்."

குத்தினார். ரத்தத்தைப் பட்டையில் தொட்டார். மிஷின் ஐந்து, நான்கு, மூன்று என்று பின்னோக்கி எண்ணியது. இருநூற்று அறுபத்தெட்டு.

என் காதில் கூடத்துப் பாட்டுச் சத்தம் நின்றுபோனது. அண்ணி பதறவில்லை. மலரின் விரலை மோந்து பார்த்தார். "லட்டு புடிச்ச கை. இது கணக்குல சேராது" என்றார். சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி, துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினார். இருநூற்று முப்பத்தொன்று.

"மிஷின் பழசு அண்ணி" என்றேன்.

"அப்டியும் இருக்கலாம்" என்றார் அண்ணி. தன் விரலைக் குத்தினார். ரத்தம் வரவில்லை. இன்னொரு விரல், அதிலும் வரவில்லை. வருடக்கணக்கில் உப்பில் ஊறிய தோல். "உன் கைய குடு" என்று என் விரலைப் பிடித்தார். மூன்றாவது பட்டை என்னுடையது. நூற்று நான்கு.

"மிஷின் சரியாத்தான் இருக்குது" என்றார். பிறகு கேட்டார். "தம்பி, அன்னிக்கு அந்தத் தண்ணி உள்ள தங்குச்சா?"

தங்குச்சு என்றுதான் என் வாய் திறந்தது. மூன்றாம் தடவையும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மலர் முந்திக்கொண்டாள். "இல்லக்கா. எல்லாம் வாந்தியா வந்துடுச்சு."

"நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றேன்.

அண்ணி என்னைத் திட்டியிருக்கலாம். அறைந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்தார். "வண்டில டீசல் இருக்குதா?"

"இருக்குது."

"இருக்குதா தம்பி?"

"இருக்குது அண்ணி."

கூடத்தில் பெரிய ரகளை ஆனது. நல்ல நாளில் ரத்தம் எடுத்தாளே என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ராகு காலத்தில் பிள்ளைத்தாய்ச்சியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார் மாமியார். அண்ணி யாருக்கும் பதில் சொல்லவில்லை, மலரின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணிக்கு அந்த ஏச்சு விழுந்திருக்காது. அன்றைக்கும் எனக்கு அது வரவில்லை. அவர்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வண்டியில் திரும்பி வரும்போதுதான் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, வெறும் வயிற்றில் பார்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்து, இன்சுலின் போட்டார்கள். டாக்டரிடம் நடந்ததை நானே சொன்னேன். "இவ்வளவு நாள் கவனிக்காம போனதுல குழந்தை பெருசாயிடுச்சு. இனிமே கட்டுப்பாட்டுல வெச்சா நல்லது. கடைசி மாசம் கவனம், துடிப்பு குறைஞ்சா உடனே வரணும்" என்றார். மலர் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அண்ணி அனுப்பவில்லை.

அடுத்த ஒரு மாதம் அண்ணிதான் எங்கள் வீட்டுக் கடிகாரம். ஒரு நாளைக்கு நான்கு தடவை விரலைக் குத்தி நோட்டில் எழுதினார். "சாப்ட்டது எப்போ மலரு? கடைசி வாய் இல்ல, மொத வாய் எப்போ?" இரண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும் என்று நர்சம்மாவிடம் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். நான் ஊசி போட்டேன். அண்ணி மருந்தின் அளவைச் சொல்வார், நான் ஏற்றுவேன், அவர் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்ப்பார். எண்கள் இறங்கின. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மிஷின் பின்னோக்கி எண்ணும் அந்த ஐந்து நொடியில் நான் ஆவணி மாதத்துச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டு வருவேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை, "புள்ள அவ்வளவா அசையலங்க" என்றாள் மலர். வெளியே கொட்டுகிற மழை. அண்ணி வந்து அவளை இடப் பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் மூன்றே அசைவு. நான் அண்ணியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வாட்டி எண்ணலாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்துவிட்டார்.

"வண்டிய எடு."

"இன்னொரு வாட்டி பாக்கலாமா அண்ணி?"

"இதுக்கெல்லாம் ரெண்டாவது வாட்டி கிடையாது. எடுடா வண்டிய!"

அண்ணி என்னை 'டா' போட்டது அந்த ஒரு தடவைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. முன் சீட்டில் மலரும் அண்ணியும். பாண்டி போய்ச் சேரும் வரை அண்ணி வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "இருக்குது... இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அது எனக்கா, மலருக்கா, அவருக்கா என்று தெரியாது.

குழந்தையின் இதயத் துடிப்பு சரியில்லை என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. நாலு கிலோவுக்கும் மேல். துணியில் சுற்றி ஒரு நிமிடம் காட்டினார்கள். பின்னாலேயே வந்துசேர்ந்திருந்த என் அம்மா எட்டிப் பார்த்து, "அடியம்மா, எவ்ளோ கொழுகொழு..." என்று ஆரம்பித்தவள் அண்ணியைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள். அண்ணி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, குழந்தைக்குச் சர்க்கரை இறங்குகிறது என்று உள்ளே தூக்கிப் போனார்கள். எனக்குப் புரியவில்லை. அவ்வளவு நாளும் ஏறியதுதானே பிரச்சினை? ஒரு நர்சம்மா நின்று சொன்னார். அம்மாவின் சர்க்கரைக்கு ஈடுகொடுத்து வயிற்றுக்குள் குழந்தையின் உடம்பு இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து பழகிவிட்டதாம். தொப்புள்கொடியை அறுத்ததும் வருகிற சர்க்கரை நின்றுபோனது, சுரப்பது நிற்கவில்லை. "இருபத்தேழு இருக்குது. டிரிப்ஸ் ஏத்துறோம். குதிகால்ல குத்திக் குத்திப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

நான் அந்த அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் குந்திவிட்டேன். ஒரு லோடுக்காக என் பிள்ளையை இங்கே கொண்டுவந்து விட்டேன் என்று சொல்லி அழுதேன். அம்மாவுக்குக் கேட்டது. போய்வருகிறவர்களுக்கும் கேட்டது. அண்ணி தேற்றவில்லை. கதவு திறக்கும் போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார். "இப்ப எவ்ளோம்மா?" முப்பத்தொன்பது என்றார்கள். அடுத்த தடவை நாற்பத்தாறு. மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆனது. ஐம்பத்தெட்டு என்றார் நர்சம்மா சிரித்துக்கொண்டு. நான் எழுந்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி பாத்துட்டு சொல்லுங்கம்மா" என்றார். அந்த நர்சம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "பாப்போம்மா. நாங்களும் ஒரு வாட்டியோட வுட மாட்டோம்" என்றார். அடுத்தது அறுபத்து மூன்று. அப்போதுதான் அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர் உட்காரவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் குழந்தையை மலர் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். சொந்தக்காரர்கள் வந்து வரிசையாகத் தூக்கினார்கள், மாமியார் தூக்கினார், அம்மா தூக்கிக் கொஞ்சினாள். அண்ணி கட்டிலின் கால்மாட்டில் நின்று, மலரின் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி, பிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, புள்ளைய தூக்குங்க" என்றேன்.

பிளாஸ்க்கை வைத்தார். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "நான் தூக்கலாமா?"

"தூக்குங்க அண்ணி."

"நிஜமாவே தூக்கலாமா தம்பி?"

எத்தனையோ பேரை இரண்டு முறை கேட்டவர்தான். இந்த ஒன்றை மட்டும் அவர் பயந்து கேட்டார். முதல் பதிலை நம்பி ஏமாந்துவிடக் கூடாது என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் குழந்தையை எடுத்து, "உங்களைத் தவிர யாரு அண்ணி தூக்குறது" என்று அவர் கையில் வைத்தேன்.

அண்ணி கொஞ்சவில்லை. துணியை விலக்கிக் குழந்தையின் இரண்டு பாதங்களையும் வெளியே எடுத்தார். குதிகாலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"எத்தினி வாட்டி குத்துனாங்க?"

"ஆறு வாட்டி அண்ணி. சீட்டுல எழுதிருக்குது."

உப்பில் வெடித்த விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொடாமல் தொட்டு எண்ணினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து குழந்தையின் காலில் விழுந்தது. அதைப் புடவைத் தலைப்பால் ஒற்றிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"ஏழு இருக்குது" என்றார். "இன்னொரு வாட்டி நீ எண்ணு."

நான் குனிந்து எண்ணினேன். ஏழுதான் இருந்தது.